பரங்கிமலை டு பெரும்பாக்கம்... வழி: மாமனார்!

பள்ளிக்கரணையில் நின்று வழி கேட்டால் மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டுவார்கள். மூன்றுமே சரியாகத்தான் இருக்கும். ஒன்று வேளச்சேரிக்குப் போகும், ஒன்று மேடவாக்கத்துக்குப் போகும், ஒன்று ரேடியல் ரோட்டில் கொண்டுபோய் விடும். நாலாவது பக்கம் சதுப்பு நிலம். அந்தப் பக்கமும் ஒருவர் கை காட்டினால் அவர் ரியல் எஸ்டேட் புரோக்கர் என்று புரிந்துகொள்ளலாம்.

இப்படிப்பட்ட ஊரில் யாரிடமும் வழி கேட்காமல், ஆட்டோ பிடிக்காமல், செல்போனைத் தொடாமல், கையில் ஒரு மேப்பும் காம்பஸும் மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் போகவேண்டும் என்றால்? போன தை மாதம், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, போனேன். துணைக்கு வந்தவர் என் மாமனார். (யாருக்கு யார் துணை என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.)

இந்த விளையாட்டுக்கு ஓரியன்டீரிங் என்று பெயர். வீட்டில் சொன்னபோது என் மனைவி ஏதோ சைனீஸ் ஓட்டல் சமாசாரம் என்று நினைத்து, "குழந்தைக்குக் காரம் இல்லாம ஒரு பார்சல் வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் விளையாட்டு என்று ஒப்புக்கொள்ளாத தேசம் இது.

ஸ்வீடன், நார்வே பக்கத்தில் சிப்பாய்களைக் காட்டுக்குள் விட்டு, 'வழி கண்டுபிடித்து வந்து சேரு' என்று பழக்கியதில் பிறந்த ஆட்டம். 1886-லேயே ஸ்வீடன் ராணுவப் பள்ளியில் இந்தச் சொல் புழங்கியிருக்கிறது. பொதுஜனங்கள் கலந்துகொண்ட முதல் போட்டி நார்வேயில் 1897 அக்டோபர் 31-ம் தேதி நடந்தது. 1961-ல் சர்வதேச சம்மேளனம் அமைத்து, 1966-ல் பின்லாந்தில் முதல் உலக சாம்பியன்ஷிப்பும் நடத்திவிட்டார்கள்.

ஆட்டம் எளிது. மேப்பில் ஊதா நிறத்தில் ஒரு முக்கோணம். அங்கேதான் கிளம்பவேண்டும். பிறகு ஒன்று, இரண்டு என்று எண் போட்ட வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், நிஜ பூமியில், ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணிப்பெட்டி தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கு 'கன்ட்ரோல்' என்று பெயர். கூடவே கட்டியிருக்கும் பஞ்சால் நம் அட்டையில் ஓட்டை போட்டுக்கொள்ளவேண்டும், அந்தக் காலத்து ரயில்வே டிக்கெட் பரிசோதகர் மாதிரி. இரட்டை வட்டம் வந்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு எப்படிப் போவது என்பது உங்கள் இஷ்டம். மேடு ஏறி நேராகப் போவதா, ரோட்டோடு சுற்றிக்கொண்டு போவதா? அங்கேதான் எல்லாம் இருக்கிறது. வேகமாக ஓடுகிறவனை, யோசித்து ஓடுகிறவன் தாண்டிப் போய்விடுவான். அதிலும் பெருந்தூரப் பிரிவு என்று ஒன்று உண்டு. உலக சாம்பியன்களே ஒன்றரை மணி நேரம்போல ஓடுவார்கள்.

மேப்பில் வர்ணங்கள் எல்லாம் தலைகீழ். காடு என்றால் பச்சை என்று எல்.கே.ஜி-யிலிருந்து படித்திருக்கிறோம் இல்லையா? இதில், ஓடக்கூடிய காடு வெள்ளை! பச்சை என்றால் புதர். எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவு முள். மஞ்சள், வெட்டவெளி. பழுப்புக் கோடு, மேடு பள்ளம். நீலக் கோடுகள் படுக்கைவாக்கில் வரிவரியாக இருந்தால் சதுப்பு நிலம். அந்த நீலத்தைச் சுற்றிக் கறுப்பில் கரை கட்டியிருந்தால் 'உள்ளே காலை வைக்காதே' என்று அர்த்தம். இந்தக் கடைசி சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த திசைகள் இரண்டுதான். டெபிட் இடது பக்கம், கிரெடிட் வலது பக்கம். என்னை இதில் இழுத்துவிட்டவர் மடிப்பாக்கத்தில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு மேஜர். இரண்டு தெரு தள்ளி நின்று பேசினாலும் நம் வீட்டு ஜன்னல் அதிரும். ராணுவத்தில் இளைஞர்களுக்கு மேப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர். ரிட்டயர்டு ஆனபிறகு மிலிட்டரி கேன்டீனும் வாக்கிங்கும் போரடித்துப்போய், ஆண்டுக்கொரு முறை நண்பர்களைத் திரட்டி இப்படி ஒரு போட்டி வைக்கிறார். ஜோடி ஜோடியாகக் கலந்துகொள்ளவேண்டும். இந்தத் தடவை பதினாலு ஜோடி. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஜெயித்தால் மேஜர் வீட்டு மரத்து மாங்காயில் போட்ட ஊறுகாய் ஒரு ஜாடி. இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர்: சாம்பியன்ஷிப்!

"ஏன் சார் பரங்கிமலையிலேர்ந்து பெரும்பாக்கம்? பெசன்ட் நகர், மெரீனான்னு காத்தோட்டமா வெச்சா ஆகாதா?" என்று கேட்டேன்.

மேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உலகத்துலயே பெரிய ஓரியன்டீரிங் எங்க ஆரம்பிச்சுது தெரியுமா, ரைட்டர் சார்? இங்கதான்!"

அதன்பின் அவர் சொன்னதும், நான் தேடிப் படித்ததுமாகச் சேர்த்துச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, பரங்கிமலையைக் கடக்கும்போது ரயில் ஜன்னல் வழியாக ஒரு கும்பிடு போடுவீர்கள்.

வில்லியம் லாம்ப்டன் என்று ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. திப்பு சுல்தானோடு நடந்த கடைசி யுத்தத்தில் இருந்தவர். யுத்தம் முடிந்ததும் மற்ற துரைகளைப்போல முத்தும் பட்டும் சேர்க்காமல், இந்தியாவை அளக்கவேண்டும் என்று கிளம்பினார். நிலம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளப்பது அவர் திட்டம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும், இரண்டு முனைகளின் கோணமும் தெரிந்தால் மீதி இரண்டு பக்கத்தையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். (பத்தாம் வகுப்பில் படித்தோம். எதற்கென்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.) ஆனால், அந்த முதல் பக்கத்தை மட்டும் தரையில் நிஜமாகவே அளந்தாகவேண்டும். அதில் ஓர் அங்குலம் தப்பினால் அதன்மேல் கட்டுகிற கணக்கு முழுதும் தப்பு. ஓப்பனிங் பேலன்ஸ் தப்பான பேரேடு மாதிரி.

அந்த முதல் கோட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம்தான் நம்ம பேட்டை. வடக்கு முனை பரங்கிமலை. தெற்கு முனை பெரும்பாக்கம் குன்று. நடுவில் ஏழரை மைல் சமதளம். 1802 ஏப்ரல் 10-ம் தேதி அளக்க ஆரம்பித்தார். சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். கையில் நூறடி நீள இரும்புச் சங்கிலி. ஒரு கண்ணி இரண்டரை அடி வீதம் நாற்பது கண்ணிகள். அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோன சாமான்களில் ஒன்று. அவர் வேண்டாம் என்றுவிட, சுற்றிச் சுற்றி கல்கத்தாவுக்கு வந்து, லாம்ப்டன் கையில் சிக்கியது. அவன் வேண்டாமென்றது நமக்கு யோகம்!

சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்தால் மேடு பள்ளத்தில் அளவு மாறிவிடும், வெயிலில் நீண்டுவிடும். அதனால் இருபதடி நீளத்தில் ஐந்து மரப்பெட்டிகள் செய்து, அவற்றை முக்காலிகள் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அளந்தார்கள். ஒரு நூறடி முடிந்ததும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த நூறடி. இப்படி நானூறு தடவை! கடைசியில் வந்த விடை 40,006 அடி சொச்சம்.

அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கிளம்பி, கன்னியாகுமரி வரைக்கும் வடக்கே இமயமலை வரைக்கும் போனார்கள். கோணம் பார்க்கும் கருவியான தியோடலைட், அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்துக்கொண்டு போய், என்னவென்று புரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் வருத்தப்பட நேரமில்லாமல் கூடாரத்துக்குள் புகுந்து, ஆறு வாரத்தில் தன் கையாலேயே தட்டிச் சரிசெய்தார். 1823-ல் மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில், வேலையின் நடுவிலேயே செத்தும்போனார். அவருக்குப் பின்னால் வந்தவர் பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகத்தின் உயரமான சிகரத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள். அதன் உயரத்தைக் கணக்குப் போட்டவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். ஆகக்கூடி, எவரெஸ்ட்டை அளந்த கணக்கின் முதல் வரி பெரும்பாக்கத்தில் எழுதப்பட்டது. எங்கள் ஊர் டீக்கடைகளில் இதை ஒருத்தரும் சொல்லிக்கொள்வதில்லை. அவர்களுக்கு சதுர அடி ரேட்தான் முக்கியம்.

இனி மாமனார்.

தாலுகா ஆபீசில் சர்வேயராக முப்பத்துமூன்று வருஷம் குப்பை கொட்டியவர். வயது எழுபத்தொன்று. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வரப்பு வரப்பாகச் சங்கிலி பிடித்து நடந்தவர். லாம்ப்டன் கதையைச் சொன்னதும், "ஜோடி யாரு? நானா?" என்று கேட்டுக்கொண்டே கேன்வாஸ் ஷூவைத் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, பன்னண்டு கிலோமீட்டர்..."

"அந்தத் துரை சங்கிலியில ஒரு கண்ணி ரெண்டரை அடின்னீங்களே மாப்ளே, என் எட்டும் ரெண்டரை அடிதான். நாப்பதாயிரம் அடிக்குப் பதினாறாயிரம் எட்டு. அவ்வளவுதானே?"

எனக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பயணம் விளங்காது. நாங்கள் பள்ளிக்கரணையில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் படகு ஓடியது. கீழ் வீட்டுக்காரர்கள் இரண்டு ராத்திரி எங்கள் ஹாலில் படுத்திருந்தார்கள். பால் வாங்க ஒரு பையனை ரப்பர் ட்யூபில் மிதக்கவிட்டோம். அந்த வாரமே, 'சொந்தமாக ஒரு வீடு, கொஞ்சம் மேடாக' என்று மனைவி தீர்மானம் நிறைவேற்றிவிட்டாள். தேடித் தேடி ஒரு அடுக்குமாடிக் கட்டடம் அகப்பட்டது. ரேடியல் ரோட்டிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம். பெயரில் ஏரியும் இருந்தது, காட்சியும் இருந்தது. விலையும் எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை அட்வான்ஸ் ஐந்து லட்சம். அதில் மூன்று லட்சம் மாமாவுடைய ரிட்டயர்மென்ட் பணம். கேட்டதும் மறுபேச்சு பேசாமல் ஒப்புக்கொண்டார். ஆனால், இடத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. மூட்டுவலி, பிறகு பொங்கல், பிறகு பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போனது.

ஞாயிறு காலை ஐந்தரை மணி. பரங்கிமலை அடிவாரம். மார்கழி முடிந்தும் பனி விடவில்லை. மேஜர் எங்கள் செல்போன்களை வாங்கிக் கவரில் போட்டு அரக்கு வைக்காத குறையாக ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். கவர் பிரிந்திருந்தால் அவுட். மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஜோடி என்று அனுப்பினார். எங்களுக்கு முன்னால் இரண்டு ஐ.டி. பையன்கள். ஒருத்தன் காலில் போட்டிருந்த ஷூவின் விலையில் நான் ஒரு மாசம் குடும்பம் நடத்துவேன். விசில் ஊதியதும் மான் மாதிரி பறந்தார்கள். எங்கள் முறை வந்தது. மாமா மேப்பை வாங்கினார். முன்பக்கம் மேஜர் புதிதாக வரைந்தது. பின்பக்கம் பழைய சர்வே ஆஃப் இந்தியா ஷீட்டின் ஜெராக்ஸ். மாமா முன்பக்கத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், பின்பக்கத்தை மூன்று நிமிஷம் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வந்த ஜோடியும் கிளம்பிப் போய்விட்டது.

"மாமா, டைம்..."

"இருங்க மாப்ளே. துரை நாலு வருஷம் யோசிச்சான், நாம நாலு நிமிஷம் யோசிக்கக் கூடாதா?"

பையன்கள் மேடவாக்கம் மெயின் ரோட்டைப் பிடித்திருந்தார்கள். அங்கே மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்து, மனுஷன் பக்கவாட்டில் திரும்பிப் போகிற அளவுக்குத்தான் இடம். மாமா உள்தெருக்கள் வழியாக விட்டார். ஆதம்பாக்கம், வாணுவம்பேட்டை, மடிப்பாக்கம். காம்பஸ் முள் தெற்கைக் காட்டும். தெரு கிழக்கே திரும்பும். அதில் போனால் ஐந்தாவது குறுக்குத் தெருவுக்குப் பக்கத்தில் பதினோராவது குறுக்குத் தெரு. நடுவில் இருந்த ஐந்து தெருவையும் யார் கொண்டுபோனார்கள் என்பது கார்ப்பரேஷனுக்கே வெளிச்சம். மேப்பில் குறிக்காத இன்னொரு அம்சம், நாய்கள். நார்வேயில் கரடி இருக்கலாம். ஆனால், மடிப்பாக்கத்து நாய்களைப்போல ஒரு எல்லையிலிருந்து அடுத்த எல்லைக்கு முறைப்படி நம்மை ஒப்படைக்கிற ஒழுங்கு அங்கே இருக்காது.

முதல் கன்ட்ரோல் கீழ்க்கட்டளை ஏரிக்கரையில். பஞ்ச் பண்ணினோம். இரண்டாவது நாராயணபுரம் ஏரி. ரேடியல் ரோடு அந்த ஏரியை வகிடு எடுத்த மாதிரி இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. கரையில் மாமா நின்றார். மூச்சு வாங்குகிறதோ என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை.

"கவனிச்சீங்களா மாப்ளே? ஒண்ணு கீழ்க்கட்டளை. ரெண்டு நாராயணபுரம். மூணாவது வட்டம் கழுவெளி. கீழ்க்கட்டளை ரொம்பினா இங்க வரும். இங்க ரொம்பினா கழுவெளிக்குப் போகும். இது மேஜர் போட்ட ரூட்டு இல்ல. மழை போட்ட ரூட்டு!"

கழுவெளி என்பது சதுப்பு நிலத்துக்கு இந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லும் பேர். எனக்குத் தெரிந்தது 'பள்ளிக்கரணை மார்ஷ்'. தென்சென்னைப் பக்கத்து ஏரிகள் பல டஜன், ஒன்று நிரம்பி ஒன்றுக்குக் கொடுத்து, கடைசியில் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். இங்கிருந்து ஒக்கியம் மடு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அப்புறம் கோவளம் முகத்துவாரத்துக்கும் போகும். வரும் வழி பல, போகும் வழி ஒன்றே ஒன்று. என் மாதச் சம்பளத்துக்கு நேர் எதிர்!

மூன்றாவது கன்ட்ரோல் சதுப்பு நிலத்து ஓரம், சுற்றுச்சூழல் பூங்கா பக்கத்தில். உள்ளே இறங்கக்கூடாது, மேப்பில் கறுப்புக் கரை கட்டிய நீலம். விடிந்திருந்தது. பைனாகுலரும் நோட்டுமாகக் கொஞ்சம் பேர் நின்றிருந்தார்கள். 2015-லிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள் இல்லையா, அந்தக் கோஷ்டி. நீலத் தாழைக்கோழிகள் கோரைப்புல்லுக்குள் கல்யாண வீட்டு மாமிகள்போல அதிகாரமாக நடந்துகொண்டிருந்தன. கூழைக்கடா ஒன்று அலகைத் தொங்கவிட்டுக்கொண்டு யோசித்தது. தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள் என்றார் ஒருவர். காற்று திரும்பியதும் பெருங்குடி குப்பைக் கிடங்கின் வாசனை வந்தது. பறவைகள் கண்டுகொள்ளவில்லை. அவை உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னாலேயே சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். எந்த ஊரில் சார் இப்படி ஒரு காட்சி கிடைக்கும்?

கணக்குப் படித்தவன் என்பதால் இங்கே ஒரு கணக்கு. 1960-களில் இந்தச் சதுப்பு நிலம் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது என்கிறார்கள். 2007-ல் இதில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக்கினார்கள்; அப்புறம் சேர்த்து வனத்துறை கையில் இருப்பது சுமார் 700. 2022 ஏப்ரலில் ராம்சர் என்ற உலக ஒப்பந்தப் பட்டியலில் ஏறியது. அதில் காட்டிய பரப்பு 1,247 ஹெக்டேர். 1,247-லிருந்து 700 போனால் மீதி ஐந்நூற்றுச் சொச்சம். அது எந்தெந்த சர்வே எண்? யார் கையில்? பாஸ் புக்குக்கும் கேஷ் புக்குக்கும் இப்படி வித்தியாசம் வந்தால் ஆடிட்டர் கையெழுத்துப் போடமாட்டார். 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் கிட்டத்தட்ட அதையே செய்தது. ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிதாகக் கட்டட அனுமதி தரவேண்டாம் என்று உத்தரவு போட்டது. லாம்ப்டன் அளந்துவிட்டுப்போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், அதே இடத்தில் எல்லைக்கல் எது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

நான் பார்த்து வைத்திருந்த கட்டடம் இந்த உத்தரவுக்கெல்லாம் முன்னாலேயே அனுமதி வாங்கியது. பேப்பர் எல்லாம் பக்கா. வக்கீல் பார்த்து, பேங்கும் பார்த்தாகிவிட்டது.

மூன்றிலிருந்து நாலாவது கன்ட்ரோலுக்குப் போகும் வழியில் அது இருந்தது. "மாமா, அப்படியே ஒரு எட்டு பார்த்துடலாமா? இந்தத் தெருதான்" என்றேன். மேப்பில் அந்த வழி அரைக் கிலோமீட்டர் சுற்று. மாமா தலையாட்டிவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார்.

நாலு மாடி எழும்பியிருந்தது. பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. வாசலில் விளம்பரப் பலகையில் ஒரு குடும்பம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. மாமா மாடியை அண்ணாந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். ரோட்டிலிருந்து மனை நாலடி உயரத்தில் இருந்தது. மண் கொட்டி ஏற்றியிருக்கிறார்கள். "மேடாத்தான் இருக்கு மாமா" என்றேன் பெருமையாக. அவர் பதில் சொல்லாமல் காம்பவுண்டு சுவர் ஓரமாகவே பின்பக்கம் நடந்தார். நானும் போனேன். சுவரின் அடியில் வரிசையாகக் கோரை முளைத்திருந்தது. தை மாதத்தில் பச்சைப்பசேலென்று! குடை நுனியால் குத்தினார். அரையடி இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனியில் கறுப்புக் களி.

மேப்பைத் திருப்பினார். பழைய ஷீட். விரலை வைத்து, நாராயணபுரம் ஏரியிலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தார். விரல் நின்ற இடத்தில் படுக்கைவாக்கில் சின்னச் சின்ன நீலக் கோடுகள்.

ரோட்டுக்குக் கீழே ஒரு சின்ன மதகு இருந்தது. பழைய கருங்கல் கட்டு. அந்தப் பக்கம் வாய் திறந்திருந்தது. இந்தப் பக்கம் வாய்க்கு நேரே, பத்தடியில், நம்ம காம்பவுண்டு சுவர்.

மாமா மதகுக் கல்மேல் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. எங்களைத் தாண்டி ஒரு ஜோடி ஓடியது. கையாட்டினார்கள். அப்புறம் இன்னொரு ஜோடி.

"எண்பத்தாறுலயோ ஏழுலயோ இந்தப் பக்கம் சங்கிலி பிடிச்சிருக்கேன் மாப்ளே. முழங்கால் அளவு தண்ணியில நின்னுகிட்டுதான் புக்குல எழுதுவோம். மீன் காலைக் கடிக்கும். தண்ணிக்குக் கதவு வெச்சது அப்பவே இருந்தது. எதிர்ல சுவர் வெச்சது இப்பதான்."

"பட்டா, வில்லங்கம் எல்லாம் சரியா இருக்கு மாமா..."

"இருக்கும். பேப்பர்ல எங்கியும் தண்ணி இருக்காது. அந்தப் பேப்பரை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன்."

அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால்கூட நான் வாதாடியிருப்பேன்: விலை, வட்டி விகிதம், குழந்தையின் ஸ்கூல் தூரம் என்று கையில் ஏகப்பட்ட பாயின்ட் இருந்தது. அவர் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, "நாலாவது வட்டம் எங்க? மேடவாக்கமா?" என்று கேட்டுவிட்டார். வாதத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மேடவாக்கம் கூட்டு ரோட்டைத் தாண்டியதுதான் இந்தச் சாம்பியன்ஷிப்பின் நிஜமான பெருந்தூரப் பிரிவு. ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஒன்பது நிமிஷம். ஸ்வீடன்காரனைக் கொண்டுவந்து விட்டால் அழுதுவிடுவான். அங்கே முதலில் பறந்த ஐ.டி. பையன்களைப் பார்த்தோம். மெட்ரோ தகரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு காம்பஸை உதறிக்கொண்டிருந்தார்கள். மாமா குடையைத் தூக்கி, "தம்பீ! வந்த வழியே போய் டீக்கடை சந்துல திரும்புங்க!" என்று கத்தினார். விதிப்படி வேற்று ஜோடிக்கு உதவக்கூடாது. மேஜர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஐந்தாவது கன்ட்ரோல் பெரும்பாக்கம் ஏரிக்கரையில். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. மாமாவின் எட்டு இரண்டரை அடியிலிருந்து இரண்டடியாகக் குறைந்திருந்தது. குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கடைசி ஒரு கிலோமீட்டர் இரண்டு பேரும் ஒரு குடைக்குக் கீழ் நடந்தோம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததில்லை. வாசலில் நின்று "சாப்டீங்களா மாப்ளே?", "ஆச்சு மாமா" என்கிற உறவுதான்.

குன்றடியில் இரட்டை வட்டம். மேஜர் ஸ்டாப் வாட்சை அமுக்கினார். நாலு மணி பதினெட்டு நிமிஷம். பதினாலு ஜோடியில் பதினொன்றாவது இடம். ஐ.டி. பையன்கள் எட்டாவது, வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஊறுகாய் ஜாடியை வாங்கியது யார் தெரியுமா? நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு ஸ்கூல் டீச்சர்கள். ஓடவே இல்லையாம். ஒரு வழி கூடத் தப்பாமல் விறுவிறுவென்று நடந்தே வந்திருக்கிறார்கள்.

"எங்க லேட்டு? பாதியில நல்லாத்தானே வந்துட்டிருந்தீங்க?" என்றார் மேஜர்.

"ஒரு இடத்துல கல்லு தேட வேண்டியிருந்தது சார்" என்ற மாமா, "இந்த மேப் இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் சாம்பார் சாதம் தயார். "ஜெயிச்சீங்களா?" என்றாள் மனைவி. மாமா மேப்பை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார், பின்பக்கம் மேலே இருக்கும்படி. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டினார். அவள் தமிழ் எம்.ஏ. மேப் எல்லாம் தெரியாது. ஆனால், டிசம்பரில் படிக்கட்டின் ஐந்தாவது படி வரைக்கும் தண்ணீர் ஏறியதை எண்ணிக்கொண்டு நின்றவள். விரல் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு பில்டர் ஆபீசிலிருந்து போன் வந்தது. நான் எடுப்பதற்குள் மாமா எடுத்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வந்தவரிடம் பேசுகிற தொனி.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி. பின்பக்கம் ரோட்டடியில மதகு ஒண்ணு இருக்கே, அதுக்கு எதிர்த்தாப்புல இருக்கற சுவரை எடுத்துடுவீங்களா?"

இன்ஜினீயரைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். இன்னும் கூப்பிடவில்லை.